100 ஃபெம்டோ வினாடி லேசரில் மாலிப்டினம் டைசல்ஃபைடின் அதிர்வைப் பார்க்க முடியுமா?

பெருந்துறை_ரோடு

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். செலோடேப் ஒட்டி உரிக்கிற முறையில் மாலிப்டினம் டைசல்ஃபைடு (அடுக்கடுக்காக உரிகிற படிகம்) செதில்கள் எடுத்து, மேலே 300 நானோமீட்டர் ஆக்சைடு இருக்கிற சிலிக்கான் மீது ஒட்டி வைத்திருக்கிறேன். கோயமுத்தூரில் ராமன் நிறமாலை (சிதறி வருகிற லேசர் ஒளியின் அதிர்வெண் மாற்றத்தை வைத்து அணு அதிர்வை அறிவது) எடுத்தாயிற்று. அதிர்வெண்ணைச் சொல்கிற செ.மீ⁻¹ அலகில், ஒரு செதிலில் 385-லும் 404-லும் இரண்டு உச்சிகள். இடைவெளி 19 செ.மீ⁻¹, அதாவது ஒற்றை அடுக்கு. பக்கத்துச் செதில்களில் இடைவெளி 22, 24 என்று போகிறது. அவை இரண்டு அடுக்கும் அதற்கு மேலும்.

இப்போது வெளியூர் ஆய்வகம் ஒன்றில் அதிவேக லேசரில் சில நாள் வேலை செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது. டைட்டானியம்-சஃபையர் ஆம்ப்ளிஃபயர், 800 நானோமீட்டர், வினாடிக்கு 1,000 பல்ஸ், பல்ஸ் நீளம் 100 ஃபெம்டோ வினாடி (வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு பிகோ வினாடி, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோ வினாடி). அந்த 404 அதிர்வு, கந்தக அணுக்கள் தளத்துக்குச் செங்குத்தாக மேலும் கீழும் ஆடுவது, நேரப்போக்கில் ஆடி அடங்குவதை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்று ஆசை. எங்கள் கைடு ஒரே கேள்விதான் கேட்டார்: "ராமன் இருக்கும்போது இது எதுக்குப்பா?" அவருக்கு என்ன சொல்லட்டும்? இதில் கை வைத்தவர்கள் சொல்லுங்க.

கோபி_வயல்

தம்பி, முதலில் கணக்கு. செ.மீ⁻¹ எண்ணைக் கொண்டு 33,356-ஐ வகுத்தால் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை ஃபெம்டோ வினாடி என்று வந்துவிடும். 404-க்கு 82 அல்லது 83. உங்கள் பல்ஸே 100. ஒரு முழு ஆட்டத்தைவிட நீளமான பல்ஸால் தட்டினால் அணு போய்த் திரும்பி வருகிற வரைக்கும் தட்டு முடிந்திருக்காது. அதிர்வு கிளம்பாது, கிளம்பினாலும் அளக்கிற பல்ஸ் அதை வழித்துச் சராசரியாக்கிவிடும். பல்ஸ் நீளம் ஆட்ட நேரத்தில் பாதிக்கும் கீழே இருக்க வேண்டும், மூன்றில் ஒன்று என்றால் நிம்மதி. அந்த அதிர்வுக்கு 25, 30 ஃபெம்டோ வினாடி பல்ஸ் தேவைப்படும்.

கிராஃபீனாக (ஒற்றை அடுக்குக் கார்பன்) இருந்தால் இன்னும் கஷ்டம். அதன் 1580 செ.மீ⁻¹ அதிர்வுக்கு ஆட்ட நேரம் 21 ஃபெம்டோ வினாடிதான். அதற்கு 10-க்கும் கீழே போக வேண்டும். அங்கே கண்ணாடிகூட எதிரி: 10 ஃபெம்டோ வினாடி பல்ஸ் ஒரு சென்டிமீட்டர் உருகிய சிலிக்கா வழியாகப் போனாலே 100-க்கு நீண்டுவிடும். உங்கள் 100 ஃபெம்டோ பல்ஸுக்கு அதே கண்ணாடி ஒன்றுமே செய்யாது. அந்த விதத்தில் உங்கள் லேசர் கையாள எளிது.

மனசை விட்டுவிடாதீங்க. அந்த லேசருக்குப் பொருத்தமான அதிர்வு உங்கள் இரண்டு அடுக்குச் செதிலிலேயே இருக்கிறது. இரவு வந்து விரிவாக எழுதுகிறேன்.

ரிங்ஃபிரேம்

ஏனுங்க, நான் சோமனூர் பக்கம் நூற்பு மில்லில் மெயின்டனன்ஸ். டிப்ளமோ படிச்சவன், அதனால் கேட்கிறேன். எங்களுக்கு ஸ்பிண்டில் 18,000 சுற்றில் ஓடும். ஸ்ட்ரோபாஸ்கோப் விளக்கை அதே வேகத்துக்குத் திருப்பினால் ஸ்பிண்டில் நிற்கிற மாதிரி தெரியும். கொஞ்சம் தள்ளித் திருப்பினால் மெதுவாகச் சுற்றுகிற மாதிரி. இந்த லேசரும் அதே வேலைதானா? ஆனால் வினாடிக்கு 1,000 பல்ஸ் என்கிறார் தம்பி. அணு அதைவிடப் பல கோடி மடங்கு வேகமாக ஆடுகிறதே, எப்படி ஒத்துவரும்?

ஆனைமலை_மழை

ரிங்ஃபிரேம் அண்ணா, இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். பொள்ளாச்சியில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன், அதற்கு முன் சில வருடம் லேசர் ஆய்வகத்தில் இருந்தேன்.

குறுகிய வெளிச்சத்தால் வேகமான அசைவை உறைய வைப்பது வரைக்கும் இரண்டும் ஒன்றே. பிரிகிற இடம் எதுவென்றால், உங்கள் ஸ்பிண்டில் மோட்டார் போட்டதிலிருந்து தானாக ஓடிக்கொண்டிருக்கிறது, விளக்கு அதைத் துரத்திப் பிடிக்கிறது. இங்கே ஒவ்வொரு தடவையும் லேசரே ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறது. ஒரு பல்ஸை இரண்டாகப் பிரிக்கிறோம். பலமான பாதி 'பம்ப்', அது செதிலைத் தட்டும். மெல்லிய பாதி 'புரோப்', அது கொஞ்சம் பிந்தி வந்து பிரதிபலிப்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகும். அடுத்த பல்ஸ் வருவதற்கு ஒரு மில்லி வினாடி ஆகும். அதற்குள் அணுக்கள் எப்போதோ அடங்கியிருக்கும். மறுபடி முதலிலிருந்து தட்டு, மறுபடி அதே பிந்தலில் பார். சராசரி எடுத்தபின் பிந்தலைக் கொஞ்சம் கூட்டு. ஆகவே லேசரின் வேகம் அணுவின் வேகத்தோடு ஒத்துப்போகவே வேண்டியதில்லை. பல்ஸ் எவ்வளவு குறுகியது, பிந்தலை எவ்வளவு துல்லியமாக வைக்கிறோம், இவை இரண்டும்தான் கணக்கு.

பிந்தலை வைப்பது கண்ணாடியை நகர்த்தித்தான். பம்ப்பின் பாதையில் ஒரு ஸ்டேஜ் மேல் திருப்பிவிடும் கண்ணாடி இருக்கும். ஸ்டேஜ் ஒரு மைக்ரோமீட்டர் நகர்ந்தால் ஒளி போக வர இரண்டு மைக்ரோமீட்டர் கூடுதலாகவோ குறைவாகவோ பயணம் செய்யும். அது 6.7 ஃபெம்டோ வினாடி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறை வெப்பநிலையில் அந்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை, எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே வரும், கூட்டினால் பூஜ்யம். பம்ப் அடித்ததும் ஒளி பட்ட இடம் முழுக்க எல்லாம் ஒரே கட்டத்தில் சேர்ந்து ஆடும். அப்போதுதான் பிரதிபலிப்பில் அலை தெரியும். படிகத்தின் அணு அதிர்வுக்கு ஃபோனான் என்று பெயர், இப்படிச் சேர்ந்து ஆடுவதற்கு ஒத்திசைந்த ஃபோனான் என்று பெயர்.

ரிங்ஃபிரேம்

இப்போ விளங்குச்சுங்க. அப்போ அந்தப் பிரதிபலிப்பு எவ்வளவு மாறும்? கண்ணுக்குத் தெரிகிற அளவா?

ஆனைமலை_மழை

லட்சத்தில் ஒரு பங்கு மாறினாலே நல்ல சிக்னல். பத்து லட்சத்தில் ஒன்று வரைக்கும் போவதுண்டு. அதனால்தான் பம்ப்பின் பாதையில் சாப்பர் சக்கரம் வைத்து ஒன்றுவிட்டு ஒரு பல்ஸை மறைப்பது. பம்ப் இருந்தபோது எவ்வளவு, இல்லாதபோது எவ்வளவு என்று லாக்-இன் கருவி கழித்துக்கொண்டே போகும்.

நொய்யல்

தம்பியின் கைடு கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவர் பக்கம் நின்று பேச ஒருவர் வேண்டும்.

ராமன் விளைவு 1928-ல் வந்தது. அன்றிலிருந்து அணிக்கோவை (படிகத்தின் அணு வரிசை) அதிர்வைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அதன் வழியாக வந்ததுதான். அதிர்வெண் மட்டும் தருகிறது என்று சொல்லி ஒதுக்க வேண்டாம். உச்சியின் அகலமே ஆயுளைச் சொல்லும். 5.3-ஐ அகலத்தால் வகுத்தால் பிகோ வினாடியில் ஆயுள். அகலம் 5.3 செ.மீ⁻¹ என்றால் ஒரு பிகோ வினாடி. பல லட்சம் ரூபாய்க் கருவியில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்குப் பல கோடி ரூபாய் லேசர் எதற்கு? 2012-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே. சூட் குழுவினர் ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடில் டிரான்சிஸ்டர் செய்து, எலக்ட்ரான் ஏற ஏற அந்தச் செங்குத்து அதிர்வு இளகி (அதிர்வெண் இறங்கி) அகலமாகிறது, தளத்துக்குள் ஆடுகிற அதிர்வு அசைந்து கொடுப்பதில்லை என்று காட்டினார்கள். ராமன் வைத்துத்தான். எலக்ட்ரானுக்கும் ஃபோனானுக்கும் உள்ள உறவு அதிலேயே வந்துவிட்டதே.

நம் ஊர்க் கல்லூரிகளில் ராமன் கருவியையே முழுசாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். சிலிக்கானின் 520.5 உச்சியில் அளவுதிருத்தம்கூடச் செய்யாமல் ஒரு செ.மீ⁻¹ நகர்ந்தது என்று கட்டுரை எழுதுகிறார்கள். அதைச் சரி செய்தாலே பாதி ஆய்வு நேராகும்.

கோபி_வயல்

நொய்யல் அண்ணா, கடைசிப் பத்தியில் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ராமனை ஒழுங்காக எடுக்காதவர் அதிவேக லேசருக்கு வரவே கூடாது. ஆனால் அகலத்திலிருந்து ஆயுள் எடுப்பதில் உடன்பட மாட்டேன்.

ராமன் புள்ளி ஒரு மைக்ரோமீட்டர் அகலம். அதற்குள்ளேயே செதிலில் ஒரு பக்கம் கொஞ்சம் இழுபட்டிருக்கும், இன்னொரு பக்கம் அடியில் ஈரம் சிக்கியிருக்கும், ஆக்சைடிலிருந்து எலக்ட்ரான் ஏறியிருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் அதிர்வெண் கொஞ்சம் கொஞ்சம் மாறும். எல்லாம் சேர்ந்து ஒரே உச்சியாக அகலமாகத் தெரியும். அந்த அகலத்தில் எவ்வளவு உண்மையான ஆயுள், எவ்வளவு இடத்துக்கு இடம் மாறுகிற கலவை என்று ராமன் பிரித்துச் சொல்லாது. ஒத்திசைந்த ஆட்டம் தேய்வதிலும் அந்தக் கலவை நுழையும், அதை மறைக்கவில்லை. ஆனால் ஃபோனான்களின் எண்ணிக்கை குறைவதைத் தனியாக அளக்க வழி இருக்கிறது. பம்ப் அடித்துவிட்டு, பிந்திவரும் பல்ஸில் ஆன்டி-ஸ்டோக்ஸ் ராமன் சிக்னல் (ஃபோனானிடமிருந்து ஆற்றல் வாங்கிச் சிதறுகிற ஒளி) எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பது. கிராஃபீன், கிராஃபைட் இரண்டிலும் ஒளியியல் ஃபோனானின் (பக்கத்து அணுக்கள் எதிரெதிராக ஆடுகிற வேகமான அதிர்வு) ஆயுள் ஒன்று முதல் இரண்டு பிகோ வினாடி அளவு என்பது அப்படி அளந்து வந்ததுதான். அதுவும் ராமன்தான் அண்ணா, கடிகாரம் வைத்த ராமன்.

இதைவிட முக்கியமானது வரிசை. ஒளி பட்டதும் ஆற்றல் முதலில் எலக்ட்ரானுக்குப் போகிறது. கிராஃபீனில் சில பத்து ஃபெம்டோ வினாடியில் எலக்ட்ரான்கள் தங்களுக்குள் பகிர்ந்து சூடாகிவிடுகின்றன. அடுத்த சில நூறு ஃபெம்டோ வினாடியில் ஒளியியல் ஃபோனான்களுக்குக் கொடுக்கின்றன. அவை பிகோ வினாடிக் கணக்கில் ஒலியியல் ஃபோனான்களாக (பக்கத்து அணுக்கள் ஒன்றாக நகர்கிற, ஒலி போன்ற மெதுவான அதிர்வு) உடைந்து, பிறகு அடியிலிருக்கும் தாங்கிக்கு வெப்பம் இறங்குகிறது. நடுவில் ஒளியியல் ஃபோனான்கள் அடைத்துக்கொண்டு நின்றால் எலக்ட்ரான் ஆற முடியாது. மெல்லிய சிப் ஒன்றில் வெப்பம் எந்தப் படியில் தேங்குகிறது என்று கேட்டால், எல்லாம் சமநிலையில் இருக்கும்போது எடுத்த ராமன் நிறமாலையில் அந்த வரிசை இல்லை. உங்கள் கைடுக்கு இதைச் சொல்லுங்கள் தம்பி. எந்த அதிர்வு எங்கே இருக்கிறது என்று ராமன் சொல்லிவிட்டது, அதற்கு யார் ஆற்றல் கொடுத்தார்கள், அது யாரிடம் எப்போது கொடுத்தது என்பது இனிமேல் கேட்க வேண்டிய கேள்வி.

இனி உங்கள் லேசருக்கு வேலை. இரண்டு அடுக்கு இருந்தால் அடுக்குகளுக்கு இடையிலேயே அதிர்வு உண்டு. ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது ஒரு வகை. ஒன்றையொன்று நெருங்கி விலகுவது இன்னொரு வகை, சுவாச அதிர்வு என்பார்கள். இடையில் இருப்பது பலவீனமான வான்டர் வால்ஸ் பிடிப்பு என்பதால் மெதுவாக ஆடும். இரண்டு அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடில் வழுக்கல் 23 செ.மீ⁻¹ அளவில், சுவாசம் 40 அளவில். வகுத்துப் பாருங்கள்: 40-க்கு 0.83 பிகோ வினாடி. உங்கள் 100 ஃபெம்டோ பல்ஸ் அதை அழகாகப் பிடிக்கும். நொய்யல் அண்ணா, சாதாரண ராமன் கருவியில் லேசரை மறைக்கிற வடிகட்டி அந்த 40-ஐயும் சேர்த்து மறைத்துவிடும். அதற்கென்று தனி வடிகட்டி வாங்கினால்தான் தெரியும்.

நொய்யல்

தனி வடிகட்டி வாங்குவது லேசர் வாங்குவதைவிட மலிவு அம்மணி. ஆனாலும் ஆற்றல் போகிற வரிசை பற்றிச் சொன்னது சரி, அது ராமன் உச்சியில் வராது. இந்த அடுக்கு அதிர்வு எத்தனை அடுக்கு என்பதைப் பொறுத்து எப்படி மாறும் என்றும் சொல்லிவிடுங்கள், தம்பிக்கு உதவும்.

கோபி_வயல்

பக்கத்து அடுக்கோடு மட்டும் ஸ்பிரிங் போட்ட எளிய சங்கிலி மாதிரியே போதும். ஆகக் குறைந்த சுவாச அதிர்வு, முழுப் படிகத்தின் மதிப்பான சுமார் 56-ஐ சைன்(90°/அடுக்கு எண்ணிக்கை)-ஆல் பெருக்கினால் வரும். இரண்டுக்கு 40, மூன்றுக்கு 28, நான்குக்கு 21, ஐந்துக்கு 17. ஆட்ட நேரம் 0.8-லிருந்து ஏறக்குறைய 2 பிகோ வினாடி வரைக்கும் நீளும். ஒற்றை அடுக்குக்கு இந்த அதிர்வே கிடையாது. ஆக, தம்பி முதலில் ஆசைப்பட்ட அந்த ஒற்றை அடுக்குச் செதில் இப்போது ஒப்பீட்டுக்கு உதவும். அதில் இந்த ஆட்டம் வந்தால் வேறெங்கிருந்தோ வருகிறது என்று பொருள்.

பெருந்துறை_ரோடு

அக்கா, இதை மூன்று தடவை படித்துவிட்டேன். இரண்டு, மூன்று, நான்கு அடுக்குச் செதில் என்னிடம் இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொண்டு போகலாமா? வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?

ஆனைமலை_மழை

அப்படியே எடுத்துப் போகாதே தம்பி. சிலிக்கான் மேல் இருக்கிறது என்றாய். 800 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண்ணைப் படிகத்தில் இரட்டிப்பாக்கி 400 நானோமீட்டரில் பம்ப் அடித்தால் சிலிக்கானும் நன்றாக உறிஞ்சும், அதில் கிளம்புகிற எலக்ட்ரான்கள் தரும் சிக்னல் உன் செதிலின் சிக்னலை மூழ்கடித்துவிடும். பளபளப்பாக மெருகேற்றிய சஃபையர் மேலோ, உருகிய சிலிக்கா தகட்டின் மேலோ மாற்று. பிடிஎம்எஸ் ரப்பர்த் தாளில் செதிலை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே மெதுவாக அழுத்தி மெதுவாக உரித்தால் மாறிவிடும். சஃபையர் மேல் போனபின் மெல்லிய செதில் கண்ணுக்குச் சிக்காது. ஆக்சைடு சிலிக்கான் மேல் தெரிந்த நிற வேறுபாடு அங்கே இருக்காது. அதனால் பக்கத்தில் தடித்த செதில் ஒன்றை அடையாளமாக வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள். மாற்றிய பிறகு ராமன் மறுபடி எடுக்க வேண்டும்.

ஆய்வகத்தில் இறங்கியதும் உன் செதிலைத் தொடாதே. முதல் நாள் பிஸ்மத் படலம் வை. அதன் அதிர்வு 2.9 டெராஹெர்ட்ஸ், ஆட்ட நேரம் 340 ஃபெம்டோ வினாடி சொச்சம், சிக்னல் தாராளமாக வரும். 1992-ல் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸ் உள்ளிட்ட எம்.ஐ.டி. குழுவினர் ஒத்திசைந்த ஃபோனான் எப்படிக் கிளம்புகிறது என்று விளக்கியபோது எடுத்துக்கொண்ட பொருள்களில் அதுவும் ஒன்று. எலக்ட்ரானைச் சட்டென்று தூக்கிவிட்டால் அணுக்களின் சமநிலை இடமே நகர்ந்துவிடும், அவை புதிய இடத்தைச் சுற்றி ஆட ஆரம்பிக்கும் என்றார்கள். அந்த வகை ஆட்டம் கொசைன் போல, உச்சத்திலிருந்து தொடங்கும். ஒளியை உறிஞ்சாத பொருளில் பல்ஸ் வெறும் உதை மட்டும் கொடுத்தால் சைன் போல, பூஜ்யத்திலிருந்து தொடங்கும். உன் வளைவில் தொடக்கக் கட்டம் எது என்று பார்த்தாலே எந்த வழியில் கிளம்பியது என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கும். ராமன் உச்சியில் இந்தக் கட்டம் கிடையாது. பிஸ்மத்தில் 2.9 வரவில்லை என்றால் கருவியைச் சரி செய், அதுவரை செதிலை வெளியே எடுக்காதே.

அப்புறம் ஸ்டேஜ். எல்லாரும் கோட்டை விடுகிற இடம் இது. ஸ்டேஜ் நகரும்போது கற்றை துளிகூடப் பக்கவாட்டில் நகரக் கூடாது. ஸ்டேஜை ஒரு முனையில் வைத்துத் தூரத்துச் சுவரில் புள்ளி எங்கே விழுகிறது என்று பென்சிலால் குறி. மறுமுனைக்கு ஓட்டு. புள்ளி குறியிலேயே நின்றால் சரி. நகர்ந்தால் ஸ்டேஜுக்கு முன்னால் இருக்கிற இரண்டு கண்ணாடிகளையும் மாற்றி மாற்றித் திருப்பி நேராக்கு. இதைச் செய்யாமல் அளந்தால் பிந்தல் கூடக் கூட பம்ப் புள்ளி புரோப் புள்ளியை விட்டு விலகும், சிக்னல் இறங்கும். நீ அதை ஃபோனானின் ஆயுள் என்று நினைத்து எழுதிவிடுவாய்.

அளவுகள்: 30 பிகோ வினாடி வரைக்கும் ஸ்கேன் செய், ஸ்டேஜ் 4.5 மில்லிமீட்டர் நகர வேண்டும். படி 50 ஃபெம்டோ வினாடி போதும், 600 புள்ளி. ஃபூரியர் மாற்றத்தில் (ஆட்டத்தை அதிர்வெண்களாகப் பிரிக்கிற கணக்கு) 1.1 செ.மீ⁻¹ வரைக்கும் பிரித்துப் பார்க்கலாம், மூன்று அடுக்கையும் நான்கு அடுக்கையும் பிரிக்க அது தாராளம். 5 பிகோ வினாடியோடு நிறுத்தினால் 6.7 செ.மீ⁻¹தான் பிரியும், 28-ம் 21-ம் ஒட்டிக்கொள்ளும்.

கோபி_வயல்

சார் சொன்னதோடு இரண்டு விஷயம். புரோப்பை 800-லேயே வைக்க வேண்டாம். மாலிப்டினம் டைசல்ஃபைடின் எக்சிடான் (எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமும் ஜோடியாகப் பிணைந்தது) ஒளியை உறிஞ்சுவது 670 நானோமீட்டர் பக்கம். அதன் விளிம்பில் புரோப் வைத்தால் அதிர்வு எக்சிடானை அசைப்பது பெரிதாகத் தெரியும், 800-ல் மங்கலாகத்தான் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் சஃபையர் தகட்டில் குவித்து வெள்ளொளி உண்டாக்கி, வேண்டிய நிறத்தை வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் பூஜ்ய நேரம் (பம்ப்பும் புரோப்பும் ஒன்றாக வந்து சேருகிற இடம்) வேறு, நிறம் மாற்றினால் மறுபடி தேட வேண்டும். 400-க்கு இரட்டிப்பாக்கும் படிகம் மெல்லியதாக இருக்கட்டும், தடித்ததில் பல்ஸ் நீளும்.

இரண்டாவது, சுவாச அதிர்வு முழுச் சமச்சீர் உள்ளது என்பதால் சாதாரண பிரதிபலிப்பிலேயே தெரியும். வழுக்கல் அதிர்வு அப்படி வராது. புரோப்பின் முனைவாக்கத்தை (ஒளியலை ஆடுகிற திசை) ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளாகப் பிரித்து வித்தியாசம் எடுத்தால்தான் வெளியே வரும். முதல் முறை சுவாசத்தோடு நிறுத்துங்கள்.

ரிங்ஃபிரேம்

எங்க மில்லில் இருபது அடி தள்ளி நின்றாலும் தரை அதிரும். லாரி போனால்கூட இந்த லட்சத்தில் ஒரு பங்கு அளவு கெட்டுப்போகாதுங்களா?

ஆனைமலை_மழை

மேசையே காற்று மெத்தைக் கால்களில் நிற்கும் அண்ணா, தரை அதிர்வு பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். இரண்டு கற்றையின் அலைகளை மோதவிட்டு அளக்கிற முறை இல்லை இது, அதனால் கொஞ்சம் தாங்கும். என் அனுபவத்தில் பெரிய தொந்தரவு ஏசி காற்று. கற்றையின் குறுக்கே காற்று ஓடினால் புள்ளி நடுங்கும். பாதை முழுக்க அட்டையால் மூடிவிட வேண்டும். அறை வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் ஏறி இறங்கினால் கண்ணாடித் தாங்கிகள் நகர்ந்துவிடும். அதனால் லேசரைப் போட்டு நாலைந்து மணி நேரம் சூடாகவிட்டுத்தான் அளக்க உட்காருவோம்.

நொய்யல்

ஒரு எச்சரிக்கை. பம்ப்பைக் கூட்டினால் சிக்னல் கூடும் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். செதில் சூடாகி அதிர்வெண்ணே இறங்கும், கடைசியில் ஓட்டை விழும். பம்ப் திறனைப் பாதியாக்கிப் பார், சிக்னலும் பாதியாக வேண்டும், அதிர்வெண் அசையக் கூடாது. அந்த எல்லைக்குள் நின்றுகொள். முடித்துத் திரும்பி வந்தபின் அதே செதிலில் அதே இடத்தில் ராமன் மறுபடி எடு. உச்சிகள் பழைய இடத்திலேயே இருந்தால்தான் அளந்ததற்கு மதிப்பு.

பெருந்துறை_ரோடு

எல்லாருக்கும் நன்றிங்க. கைடிடம் பேசினேன். ஆற்றல் எந்த வரிசையில் கைமாறுகிறது என்று நொய்யல் அண்ணனும் அக்காவும் பேசியதை அப்படியே எடுத்துச் சொன்னேன். "சரி, ஒரு அடுக்கிலிருந்து ஐந்து அடுக்கு வரைக்கும் வரிசையாக எடு, சுவாச அதிர்வு அடுக்கோடு எப்படித் தேய்கிறது என்று மட்டும் பார்" என்றார். சஃபையர் தகடு சொல்லியிருக்கிறோம். ஐந்து அடுக்குச் செதில் இன்னும் கிடைக்கவில்லை, உரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். ஆட்டம் தேயும் வேகம் அடுக்குக்கு அடுக்கு மாறினால், அது தாங்கிக்குள் ஆற்றல் இறங்குவதாலா, செதிலுக்குள்ளேயே சிதறுவதாலா என்று எப்படிப் பிரிப்பது?

கோபி_வயல்

தாங்கியே இல்லாமல் ஒன்று எடுக்க வேண்டும். தகட்டில் ஐந்து, பத்து மைக்ரோமீட்டர் அகலத்தில் குழி அரித்து, அதன் மேல் செதில் பாலமாகக் கிடக்கிற மாதிரி மாற்றுங்கள். ஒரே செதிலில் குழிக்கு மேலே ஒரு அளவு, பக்கத்தில் தகட்டின் மேல் ஒரு அளவு. குழிக்கு மேலே ஆட்டம் நீண்ட நேரம் நின்றால் தாங்கிதான் வாங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். இரண்டு இடத்திலும் ஒரே வேகத்தில் தேய்ந்தால் செதிலுக்குள் தேடுங்கள். தொங்குகிற பகுதிக்கு வெப்பம் இறங்க வழி குறைவு, அதனால் அங்கே பம்ப்பை நாலில் ஒரு பங்காக்கித் தொடங்குங்கள். குழியின் அகலத்தைவிட லேசர் புள்ளி சிறியதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. இல்லையென்றால் இரண்டு இடத்து அளவும் கலந்துவிடும்.